இடப்பக்கம் உட்கார்ந்தவள்

பண்டாரவளைப் பக்கம் ஒரு தபால் கந்தோரில், கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆள் வாசலில் கால் வைக்கும்போதே அவர் சண்டைக்கு வருகிறாரா, சந்தேகம் கேட்க வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தே மனதைப் படிக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பு கூடப்பிறந்த அக்காவிடம்தான் மண்ணைக் கவ்வியது.

அக்கா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்குப் போனாள், நான் தொடர்ந்து படித்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வாயை விட்டது நான்தான். நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பிள்ளையை இன்னும் படிக்கவிடு என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நல்ல இடத்தை விடக்கூடாது என்று அவள் நின்றாள். பேச்சு முற்றியதில், "கொழுந்து பறிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போவுது" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, "சோறு போட்டிருக்கேன், சாப்புட்டுட்டுப் போ" என்றாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். கல்யாணம் நடந்தது, பிள்ளை கொழும்புக்குப் போய் நன்றாகத்தான் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் போய் போட்டோவில் நின்றேன், அக்காவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். பிறகு, அவள் போன் எடுத்தால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் ஒரு காலை அத்தானிடமிருந்து போன் வந்தது. அத்தான் அக்காவின் புருஷன், அதிகம் பேசாத மனிதர். "ஒங்க அக்காவுக்கு பாரிசவாதம் அடிச்சிருச்சும்மா. பதுளை ஆஸ்பத்திரில வச்சிருக்கோம்" என்றார். பிரஷர் மாத்திரையை, உடம்பு நல்லாத்தானே இருக்கிறது என்று அவளே நிறுத்தியிருக்கிறாள். சம்பல் அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். நான் கவுண்டரைப் பூட்டிவிட்டுப் போன வேகத்தில் குடையைக்கூட எடுக்கவில்லை.

அக்காவுக்கு ஜன்னலோரக் கட்டில். படுத்திருந்தவளின் வலப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம், அதில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு கதிரை கிடந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். அக்காவின் வாய் கொஞ்சம் கோணியிருந்தது, இடக்கை துவண்டு கிடந்தது. உயிருக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாளா?

அவள் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த பெண்கள் ஜன்னல் பக்கம் இடித்துப் பிடித்து நின்றபோது ஒவ்வொருத்தியையும் முறை சொல்லி விசாரித்தாள். தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு நான் நீட்ட, அவள் அத்தானிடம், "கொஞ்சம் தண்ணி தாங்களேன்" என்று கேட்டாள். அத்தானுக்கே சங்கடமாகிவிட்டது. "தங்கச்சி வந்திருக்கு பாரு" என்றார்.

"எங்க?" என்றாள் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அந்த 'எங்க' என் நெஞ்சில் குத்தியது. எனக்கு ஒரு தங்கச்சியா, எங்கே என்று நக்கலடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அத்தான் வெளியே தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பக்கத்துக் கட்டில்காரிகளுக்குக் கேட்காத குரலில், "அக்கா, அன்னைக்கு அப்பிடி பேசினது தப்புதான். மன்னிச்சிரு" என்றேன். என்னைப் போன்ற வாய்க்காரிக்கு அதைச் சொல்ல மூன்று வருடமும் மூன்று நாளும் பிடித்தது. அக்கா ஜன்னல் வழியே தெரிந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள் பழப் பையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் அழுதேன். சாகக் கிடக்கும்போதுகூட வைராக்கியம் போகாத பிறவி என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் நன்றாகத் தேறிவிட்டது, நடக்கிறாள், பேசுகிறாள் என்று அத்தான் சொன்னார். ஆனால் பிறகு வந்த போன்களில் சேதி வேறு மாதிரி இருந்தது. சோறு போட்டால் பாதியைத் தின்றுவிட்டு, போதவில்லை, ஏன் இப்படிக் கொஞ்சமாகப் போடுகிறீர்கள் என்று சண்டை பிடிக்கிறாள். தட்டில் மீதிப் பாதிச் சோறு அப்படியே கிடக்கிறது. தலையில் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் வைத்துச் சீவுகிறாள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டுகிறாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று லயத்தில் பேச்சு. அத்தான் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார், கோயிலில் மந்திரித்துத் திருநீறு வாங்கிவந்தார். என்னிடம் கேட்டபோது நான் சொன்ன வைத்தியம் அதைவிட மோசம். "அது நோய் இல்ல அத்தான், கொழுப்பு. எல்லாரையும் ஆட்டி வைக்கிறா" என்றேன். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொன்னது அதுதான்.

ஆறு வாரம் போயிருக்கும். அக்காவின் மாத்திரையை எடுக்க அத்தான் பதுளைக்குப் போகவேண்டியிருந்தது, அன்று பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. "நீங்க கொஞ்சம் வாங்கம்மா, அவ பேசாட்டி கெடக்குது" என்று கெஞ்சினார். மனமில்லாமல் லீவு போட்டு, தெமோதரையில் ரயில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தேன். லயத்தில் அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. அத்தான் ஏற்கெனவே பஸ் ஏறிப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா காலையில பெரட்டுக்குப் போயி நின்னுட்டாங்க. கங்காணி வேணாம்னுதான் சொன்னாரு. கேட்டாத்தானே. மலைக்குப் போயிருக்காங்க." பெரட்டு என்பது தொழிலாளர் காலையில் கூடி வேலைக்குப் பிரிந்து போகும் இடம். பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் சத்தம் நான் போய்ச் சேருமுன்பே கேட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொள்வார்கள். நிரை என்பது இரண்டு வரிசைத் தேயிலைக்கு நடுவே ஏறிப் போகும் வழி. இரண்டு கைப்பக்கத்துச் செடிகளையும் சுத்தமாகப் பறித்துக்கொண்டே ஏறவேண்டும். அக்கா ஏறிப்போன நிரையைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு கொழுந்து மிச்சமில்லாமல் மொட்டையடித்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஒரு இலை தொடப்படவில்லை. அடியிலிருந்து அவள் நின்ற இடம் வரைக்கும் இளங்கொழுந்து அப்படியே பச்சையாக நின்றது.

"பாதி நெரைய உட்டுட்டுப் போறியே, இது என்ன வேலை" என்று கங்காணி கீழிருந்து கத்தினார்.

"நானா? முப்பத்தஞ்சு வருசமா மலையில நிக்கிறேன் கங்காணி. ஒரு கொழுந்து உட்டிருக்கேனான்னு பாருங்க" என்றாள் அக்கா மேலே நின்றபடி. குரலில் நடிப்பே இல்லை. பக்கத்து நிரைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும், பார், கங்காணியிடமும் காட்டுகிறாள் தன் வைராக்கியத்தை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கோபத்தோடு திரும்பி, அதே நிரை வழியே கீழே இறங்கி வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். ஏறும்போது இடப்பக்கம் இருந்த செடிகள் இறங்கும்போது அவளுக்கு வலப்பக்கம் வந்திருந்தன. அவற்றை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"இது யாரு நெர? யாரு இப்பிடி அநியாயமா உட்டுட்டுப் போனது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டு கையாலும் பறிக்கத் தொடங்கினாள். இடக்கை கொஞ்சம் பிந்தினாலும் வேலை சுத்தம். யாரோ ஒரு வேலைதெரியாதவளை வாய்க்குள் திட்டிக்கொண்டே அடிவரைக்கும் பறித்து முடித்தாள். இப்படி ஒருத்தி நடிக்க முடியாது. முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி என்று இத்தனை நாள் நினைத்திருந்த எனக்கு அந்த முகத்தில் பொய் ஒரு துளியும் கிடைக்கவில்லை.

கீழே வந்தவள் கங்காணிக்குப் பக்கத்தில், தன் வலப்பக்கமாக நின்ற என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"வா. இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுதா? ஆஸ்பத்திரில அத்தன நாள் கெடந்தேன். ஊரே வந்துச்சு. கூடப்பொறந்தவ நீ எட்டிப் பாக்கல."

"நாலு நாளு ஒன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் அக்கா."

"பொய் சொல்லாத. அவரும் இப்பிடித்தான் சொல்றாரு, நான் பாக்கலியே."

அவள் பொய் என்றது எனக்குச் சுருக்கென்று கோபத்தைத்தான் கொண்டுவந்தது, ஒரு நொடி. பிறகு கட்டிலும், ஜன்னலும், என் கதிரையும் கண் முன்னால் வந்தன. நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடப்பக்கம். நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. ஆறு வாரமாக நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தங்கச்சி வரவில்லையே என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். வீட்டுக்கு விடும்போதே கைகால் பயிற்சிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். கையும் காலும்தான் வேலை செய்கிறதே, பயிற்சி எதற்கு என்று அத்தான் விட்டுவிட்டார். பயிற்சி கொடுக்கும் மிஸ் சின்ன வயதுக்காரி, சிங்களப் பெண். ஒரு தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி அக்காவிடம் பேனையைக் கொடுத்தார். அக்கா கவனமாக வெட்டினாள். "முடிஞ்சுது மிஸ்" என்றாள். வலப்பக்கக் கோடுகள் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. இடப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

மிஸ் சிங்களத்திலும் தெரிந்த தமிழிலுமாக எங்களுக்கு விளக்கினார். அக்காவின் கண்ணில் கோளாறு இல்லை. அடிபட்டது மூளையின் வலது பாதி. இடப்பக்கத்தைக் கவனி என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டிய இடம் அதுதானாம். அது சொல்லாவிட்டால், கண் பார்த்தாலும் ஆளுக்கு அந்தப் பக்கம் இல்லை. இருட்டாகக்கூடத் தெரியாது, ஒன்று குறைகிறது என்ற நினைப்பே வராது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தாலும், தெரிந்த பக்கத்தில்தான் ஆளைத் தேடுவார்கள், மெல்லிய குரலென்றால் அதுவும் பதியாமல் போகலாம். "அதனால ஏசக் கூடாது. அவங்க வேணும்னு செய்யல" என்றார்.

"நாலு நாள் அந்தப் பக்கம் இருந்து பேசினேன் மிஸ்" என்றேன்.

"இனியும் அந்தப் பக்கமே இருங்க" என்றார் மிஸ்.

எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தெரியும் பக்கம் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருக்கிறேன். மிஸ்ஸோ, எல்லோரும் வலப்பக்கமே வந்தால் அவள் மூளை இடப்பக்கத்தைத் தேடவேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும் என்றார். இடப்பக்கம் இருந்து கூப்பிட வேண்டும். இடக்கையைத் தொட்டுக் கூப்பிட வேண்டும். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பாக ஏதாவது ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்ல வேண்டும். அடிபட்ட இடத்தின் வேலையை மூளையின் மற்ற இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும் என்றார். எவ்வளவு தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நிறையப் பேர் தேறுகிறார்கள் என்றார். அந்த "நிறையப் பேர்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் ரயில் ஏறினேன்.

சனி, ஞாயிறு முழுக்க அக்கா வீட்டில்தான். பழைய சிவப்புச் சட்டைத் துணியைக் கிழித்துக் கதவு நிலையின் ஓரத்தில் கட்டினேன். தட்டின் விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினேன். செய்வினை என்று பேசிய அதே பெண்கள், விஷயம் விளங்கியதும் என்னைவிடக் கறாராகிவிட்டார்கள். அக்காவுக்கு இடப்பக்கம் வந்து நின்றுதான் குரல் கொடுப்பார்கள். அத்தான்தான் கஷ்டம். மனது கேட்காமல் தட்டைத் திருப்பி வைத்துவிடுவார். நான் முறைத்தால் மறுபடியும் பழையபடி வைப்பார்.

"அக்கா" என்பேன் இடப்பக்கமிருந்து. அவள் வலப்பக்கம் தேடுவாள். "இந்தப் பக்கம். துணி தெரியுதா? இன்னும் திரும்பு. இன்னும்." கழுத்து ஏதோ பாரம் தூக்குவது போல மெதுவாகத் திரும்பும். சிவப்பைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் என்னைக் கண்டுபிடிப்பாள். இரண்டு நிமிடத்தில் பார்வை மறுபடியும் வலப்பக்கம் ஓடிவிடும். மறுபடியும் கூப்பிடவேண்டும். ஒருநாள் அவளுக்கே அலுத்துப்போய், "ஏன்டி என்னப் போட்டு இப்பிடி வதைக்கிற, இந்தப் பக்கம் வந்து தொலையேன்" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. போகவில்லை. அன்று மட்டும் அறுபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன்.

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கட்டளை போட்டுத் திருப்பிய முகத்துக்கு முன்னால் அதைக் கேட்கக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அவளாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டாம் மாதம் தட்டில் மிஞ்சும் சோறு குறைந்தது. மூன்றாம் மாதம் தலை முழுக்க எண்ணெய் வைத்துச் சீவினாள், வகிடு மட்டும் ஒரு பக்கமாக ஓடியது. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டாள், பிரஷர் அடங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கங்காணி ஒரு மாலை வந்து, லயத்துக்குப் பின்னாலிருக்கும், நீளம் குறைந்த கட்டை நிரையில் சும்மா பறித்துப் பழகட்டும் என்று தோட்டத்து மானேஜர் தொரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் இடப்பக்கம் ஆறேழு செடி விட்டுப்போனது. நிரையின் உச்சிக்குப் போனதும் அவளே திரும்பி நின்று, எண்ணிப் பார்த்து, "நான்தான் உட்டிருக்கேன்" என்றாள். தன் தப்பைத் தானே கண்டு அவள் சொன்ன அந்த வார்த்தையில் எனக்கு வந்த சந்தோசம், வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கம், மடியில் போஞ்சிக்காய். வாரம் முழுக்கக் கந்தோரில் நின்ற களைப்பு, கூப்பிடவே மறந்து பேசாமல் காய் உரித்துக்கொண்டிருந்தேன். யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். அக்கா தலையை முழுக்க என் பக்கம் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாரு எடுக்காம போடுற" என்றாள்.

நான் போஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பார்வை ஓடவில்லை. பார்க்கப் பார்க்க அந்த முகம் இறுகியது.

"அன்னைக்கு நீ அப்பிடி சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுச்சு தங்கச்சி" என்றாள். "நீ படிக்கணும்னுதான் நான் மலைக்குப் போனேன். அந்த மலைய வச்சே நீ என்னப் பேசிட்ட. மூணு வருசம் சோறு எறங்கல."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருப்பதாக நான் நினைத்த கோபம் இப்போதுதான் வந்திருக்கிறது. முழுசாக, என் கண்ணைப் பார்த்து, இடப்பக்கம் திரும்பி வந்திருக்கிறது. திட்டு வாங்கிக்கொண்டே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்லவேண்டும், இந்தத் தடவை அவளுக்கு ஒரு எழுத்துவிடாமல் கேட்கவேண்டும். நேராக அவள் முகத்துக்கு முன்னால் போய், வலப்பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அவசரமாக எழுந்தேன்.

அக்கா இடக்கையை நீட்டி என் சேலையைப் பிடித்தாள்.

"எங்க போற? அங்கயே உக்காரு" என்றாள். "நான் ஒன்னப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உட்கார்ந்தேன். அந்த இடத்திலிருந்தே சொன்னேன்.